வெயிலூர் வீட்டுக்கு நவீன உள்அலங்காரம்: மொட்டை மாடி முதல் திரைச்சீலை வரை

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை. ஊர்க்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வோம். காட்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டை மாற்றியமைக்க இறங்கியபோதுதான், இதில் முதல் இரண்டும் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு உறைத்தது. மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி ஊருக்குள் கக்குகின்றன. பாலாறு வறண்டு கிடப்பதால் குழாயில் வருவது போர்வெல் உப்புத் தண்ணீர். இந்த இரண்டையும் கணக்கில் வைக்காமல், போனில் பார்த்த மும்பை ஃபிளாட் மாதிரி செய்துகொடுங்கள் என்று ஒருவரிடம் சொன்னேன். அவரும் செய்துகொடுத்தார். அதில் பாதியை நான்கே வருடத்தில் பிரித்துப் போட்டேன். இரண்டாவது முறை நானே நின்று செய்ததும், ஏலகிரியில் மாமா மகன் கட்டிய ஓய்வு வீட்டுக்கு ஓடியாடியதும்தான் கீழே இருப்பவை.

முதல் படி: ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள்

இன்டீரியர் ஆளைக் கூப்பிடும் முன் ஒரு நோட்டில் வீட்டின் கோட்டுப்படத்தை வரையுங்கள். காலை 8, நண்பகல் 12, மாலை 4, இரவு 9 என நாலு வேளையும் ஒரு சுற்று சுற்றுங்கள். வெயில் எந்த அறையில் எதுவரை வருகிறது, காற்று எந்த ஜன்னலில் நுழைகிறது, எந்தச் சுவர் சுடுகிறது என்று குறியுங்கள். இரவு 9 மணிச் சுற்றை மட்டும் தவறவிடாதீர்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் மாலையில் வாங்கிய சூட்டை நாம் படுக்கப் போகும் நேரத்துக்குத்தான் உள்ளே விடும். கட்டில் தலைமாட்டை அந்தச் சுவரில் வைத்துவிட்டால், எவ்வளவு அழகான ஹெட்போர்டு அடித்தாலும் தூக்கம் வராது.

அடுத்த பக்கத்தில் வீட்டுக்காரர்களின் பழக்கங்களை எழுதுங்கள். செருப்பு எங்கே கழற்றுகிறோம், வண்டிச் சாவியும் ஹெல்மெட்டும் எங்கே விழுகின்றன, தண்ணீர் கேன் எந்த மூலையில் நிற்கிறது, காய்ந்த துணி மடிக்காமல் எந்த நாற்காலியில் குவிகிறது, கல்யாணத்துக்கு ஆறு பேர் வந்தால் எங்கே பாய் விரிக்கிறோம்? படங்களில் பார்க்கும் நவீன வீடுகள் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் சாமான் குறைவாக இருப்பது மட்டுமில்லை. ஒவ்வொன்றுக்கும் கதவு போட்ட இடம் இருக்கிறது. துணி குவியும் அந்த நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே ஒரு மூடிய அலமாரி வைத்தோம். எங்கள் ஹால் பாதி அழகானது அதனால்தான்.

இரண்டாவது படி: வெயிலை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள்

கத்திரி வெயிலில் ஒரு நாள் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். தடித்த கல், ஆழமான நிழல், தடையில்லாத காற்று. ஏசி இல்லை, விசிறி இல்லை, உடம்பு ஆறிவிடும். அதே கணக்குதான் நம் வீட்டுக்கும்.

மேல் தளத்தில் இருப்பவர்கள் மொட்டை மாடியிலிருந்து தொடங்க வேண்டும். கான்கிரீட் தளம் பகலில் அடுப்பாகி, ராத்திரி நம் தலைமேல் கணகணக்கும். அந்தக் காலத்தில் எல்லாரும் மெத்தையில் (எங்கள் பக்கம் மொட்டை மாடியை அப்படித்தான் சொல்வோம்) படுத்ததற்கு இதுதான் காரணம். சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) போட்டு அதன்மேல் தட்டோடு பதித்த பழைய முறை இன்றைக்கும் நல்லது. பட்ஜெட் இடித்தால் வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தூசி படியப் படியப் பலன் குறையும், அதனால் அவ்வப்போது கழுவ வேண்டும், சில வருடங்களில் மறுபூச்சும் தேவைப்படும். உள்ளே ஃபால்ஸ் சீலிங்கில் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் வித்தியாசம் முதல் கோடையிலேயே தெரியும்.

அப்புறம் ஜன்னல்கள். வேலூர் ஏறத்தாழ 12.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, ஆகஸ்ட் நடு வரை நண்பகலில் கொஞ்சம் வடக்கே சாய்ந்தே போகும். இதனால் வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு 2 அடி சன்ஷேடு போதும். மேற்குக்கு அது உதவாது. மாலை வெயில் சன்ஷேடுக்குக் கீழே தாழ்ந்து நேராக உள்ளே வரும். அதைச் செங்குத்தாகத்தான் மறிக்க வேண்டும்: மூங்கில் தட்டி, சுடுமண் ஜாலிச் சுவர் (இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்), ஒரு வேப்பமரம், ஏதோ ஒன்று. முக்கியமாக, மறிப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே எத்தனை கனமான திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய சூடு தாண்டியதுதான்.

ஜாலியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கேரளத்தில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கினாலே சுவர் ஜன்னலாகிவிடும். எங்கள் மேற்கு பால்கனியில் சுடுமண் ஜாலி வைத்தோம். மாலை நாலரைக்கு ஹால் தரையில் விழும் நிழல் கோலத்துக்கு எந்த வால்பேப்பரும் ஈடாகாது. தூசி படியும், மாதம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

மூன்றாவது படி: அளவு நாடா

கடையில் பெரிய ஹாலில் சின்னதாகத் தெரிந்த சோபா, வீட்டுக்கு வந்ததும் யானையாகிவிடும். பழைய செய்தித்தாளை ஒட்டி, சோபா, கட்டில் அளவுக்குத் தரையில் விரித்து இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நடைபாதைக்கு 3 அடி விடுங்கள். சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே 15 முதல் 18 அங்குலம். டிவியின் மையம், உட்கார்ந்தவர் கண் மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து சுமார் 42 அங்குலத்தில் வரட்டும். நம் ஊரில் பெரும்பாலும் கழுத்து வலிக்கும் உயரத்தில்தான் மாட்டுகிறார்கள். குவீன் கட்டில் 5 அடிக்கு 6½ அடி, கிங் 6 அடிக்கு 6½ அடி. 10 அடிக்கு 10 அடி அறையில் கிங் கட்டிலும் போட்டு, 2 அடி ஆழ அலமாரியும் வைத்தால், ஒருவர் கதவைத் திறக்கும்போது மற்றவர் கட்டில் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான். ஸ்லைடிங் கதவு இடத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் அலமாரியின் ஆழம் 26 அங்குலம் வேண்டும், கீழ்த் தடத்தில் மணல் சேரும்.

நான்காவது படி: வயரும் வெளிச்சமும்

தட்டுமுட்டு எங்கே என்று முடிவாகாமல் சுவரை வெட்டாதீர்கள். கட்டிலின் இரு பக்கமும் ஸ்விட்ச், வெட் கிரைண்டருக்கு ஒரு ப்ளக், ஓவன், கீசர், ஏசிக்குத் தனித்தனியே 15 ஆம்ப்ஸ் லைன், இன்வெர்ட்டரில் எது ஓட வேண்டும் என்ற பட்டியல். எல்லாவற்றையும் சுவரிலேயே சாக்பீஸால் வரைந்து, எலக்ட்ரீசியனோடு நின்று பேசுங்கள். பைப் பதித்ததும் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிற்பாடு ஆணி அடிக்கும்போது கை நடுங்காது.

ஃபால்ஸ் சீலிங் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. நம் வீடுகளில் தளம் பெரும்பாலும் 10 அடிதான். அறை முழுக்க அரை அடி இறக்கினால், விசிறியும் இறங்கி, அறை தொப்பி போட்ட மாதிரி ஆகிவிடும். விளக்கை மறைக்கச் சுவரோரம் ஒன்றரை அடிக்கு மட்டும் இறக்கினால் போதும். நடுவில் தளத்தை அப்படியே விட்டு, பி.எல்.டி.சி. விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்தது) ஒன்று. அது 30 வாட் சுமாரில் ஓடும். பழைய விசிறி 75 வாட். இன்வெர்ட்டரில் இரவு முழுக்கத் தாங்கும்.

வெளிச்சத்தை மூன்று அடுக்காக யோசியுங்கள்: அறைக்குப் பொதுவானது, வேலை செய்யும் இடத்துக்கானது, அழகுக்கானது. ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் மஞ்சள் ஒளி. சமையலறைக்கும் படிப்பு மேசைக்கும் 4000. டப்பாவில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆரணிப் பட்டின் அரக்குச் சிவப்பு பழுப்பாகத் தெரியும். நான் மஞ்சள் விளக்காகவே போட்டுத் தள்ளினேன். அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னப்பா, வீட்டை லாட்ஜ் மாதிரி இருட்டாக்கிட்ட" என்றார். வயதானவர்களின் கண்ணுக்கு அதிக வெளிச்சம் தேவை. அவர் கேட்டது நியாயம். ஹாலில் ஒரு பேட்டன் விளக்கைத் தனி ஸ்விட்சில் ஒளித்து வைத்தோம். பேப்பர் படிக்கும்போது அது எரியும்.

ஐந்தாவது படி: தரை, சுவர், நிறம்

முதல் தடவை பளபளக்கும் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டேன். மேற்கு வெயில் அதில் பட்டு, மாலையில் ஹாலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. இப்போது மேட் ஃபினிஷ், மணல் நிறம், 4 அடிக்கு 2 அடி. தூசியும் சட்டென்று தெரியாது. ரெட் ஆக்சைடு தரைக்கு ஆசைப்படுகிறவர்கள், முதலில் அந்த வேலை தெரிந்த மேஸ்திரியைத் தேடுங்கள். அவர் முன்பு போட்ட தரையைக் கண்ணால் பாருங்கள். நன்றாக வந்தால் காலுக்குக் குளிர்ச்சி, வராவிட்டால் வெடிப்புதான். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாதது, சிமெண்டில் கையால் வார்ப்பது. துடைக்கத் துடைக்க மெருகேறும், புளி, எலுமிச்சை பட்டால் கறையாகும். அதனால் சமையலறையை விட்டுவிட்டு, வாசல் நடையிலோ பூஜை அறையிலோ ஒரு கம்பளம் அளவுக்குப் பதியுங்கள். வீடு முழுக்கப் போட்டால் கண் ஓய்வில்லாமல் அலையும்.

சுவருக்குத் தூய வெள்ளை வேண்டாம். நம் வெயிலில் கூசும். துளி மஞ்சளோ சாம்பலோ கலந்த வெள்ளையை மூன்று சுவருக்கும், கோட்டைக் கல்லின் சாம்பல், காய்ந்த பாலாற்று மணல், வேப்பிலைப் பச்சை போன்ற ஒன்றை நான்காவதற்கும் அடிக்கலாம். அட்டையில் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். சின்ன டின் வாங்கி 2 அடிக்கு 2 அடி சுவரிலேயே அடித்து, காலை, நண்பகல், விளக்கு வெளிச்சம் என மூன்று நேரமும் பாருங்கள். பட்டியும் (சுவரைச் சமமாக்கும் மாவுப் பூச்சு) ப்ரைமரும் நன்றாகக் காய்வதற்கு முன் பெயிண்டரை அவசரப்படுத்தினால் முதல் மழைக்கே உப்பிவிடும்.

இப்போது எங்கு பார்த்தாலும் வரி வரியாக ஓடும் ஃப்ளூட்டட் பேனல். அழகுதான். ஆனால் நம் ஊர்க் காற்றில் வரும் மண், ஒவ்வொரு வரியிலும் உட்காரும். ஒரே ஒரு சுவர், அதுவும் கைக்கு எட்டும் உயரத்தில், அவ்வளவுதான்.

ஆறாவது படி: சமையலறையும் குளியலறையும்

பணத்தை இங்கே செலவழியுங்கள், ஹாலில் குறைத்தாலும் பரவாயில்லை. மேடை உயரத்துக்குப் பொது அளவு 32 முதல் 34 அங்குலம். சமைக்கிறவர் முழங்கைக்கு 4 அங்குலம் கீழே என்பது அதைவிடச் சரியான கணக்கு. ஆழம் 24 அங்குலம். மேல் அலமாரி 12 அங்குல ஆழத்தில், மேடையிலிருந்து ஒன்றரை முதல் 2 அடி உயரத்தில்.

சிங்க்குக்குக் கீழே சாதாரண எம்.ஆர். ப்ளைவுட் (ஓரளவு ஈரம் மட்டுமே தாங்கும் ரகம்) போட்டுவிட்டுப் போனார் ஒரு ஒப்பந்தக்காரர். இரண்டாவது மழைக்காலத்தில் அது அப்பளம் மாதிரி உப்பியது. மரைன் ப்ளை என்றால் பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் பார்த்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் கட்சி வேறு: உள்கூட்டைக் கடப்பா கல் தட்டுகளாலேயே அமைத்து, வெளியே தெரியும் கதவுகளுக்கு மட்டும் 18 மி.மீ. ப்ளையில் 1 மி.மீ. மேட் லேமினேட். கல்லைக் கரையான் தின்னாது, தண்ணீர் ஒன்றும் செய்யாது, கதவை மூடினால் மாடுலர் கிச்சனுக்கும் இதற்கும் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது. தட்டுகளுக்கு நடுவே டிராயர் சேனல் பொருத்த ஆசாரி முணுமுணுப்பார். ப்ளைப் பெட்டியாகச் செய்து உள்ளே தள்ளச் சொல்லுங்கள்.

கல் மேடைக்குப் பளபளக்கும் கறுப்பை விட, புள்ளிகள் கலந்த லெதர் ஃபினிஷ் கிரானைட் நல்லது. உப்புத் தண்ணீர்த் திட்டு தெரியாது. இதே காரணத்தால் குளியலறையில் கறுப்பு மேட் குழாய்களும், கண்ணாடித் தடுப்பும் வேண்டாம் என்பேன். மூன்றே மாதத்தில் வெள்ளை படியும். பிரஷ்டு ஸ்டீல் நிறக் குழாய், அரைச் சுவர்த் தடுப்பு, பெரிய டைல்ஸ், டைல்ஸ் இடுக்குக்குத் தண்ணீர் இறங்காத எபாக்ஸி கிரௌட். போதும்.

ஏழாவது படி: நம் பக்கத்துச் சரக்கு

பழைய வடாற்காட்டை 1989-இல் இரண்டாகப் பிரித்தார்கள். வேலூரை 2019-இல் மூன்றாக்கினார்கள். கைத்தொழில் பார்க்கப் போனால் பழைய மாவட்டம் அப்படியேதான் இருக்கிறது. குடியாத்தத்தில் லுங்கித் துணி, ஆரணியில் பட்டு, வந்தவாசியில் கோரைப்பாய், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல்.

குடியாத்தம் லுங்கியை வீட்டு அலங்காரத்துக்கு என்று சொன்னதும் என் மனைவி சிரித்தாள். இரண்டே நிறத்தில் மெல்லிய கட்டம் போட்டதாகப் பார்த்துப் பொறுக்கி, வெள்ளைக் காடாத் துணியில் உள்துணி கொடுத்துத் தைத்தோம். வந்தவர்கள் எல்லாம் திரைச்சீலை எந்தக் கடையில் என்று கேட்கிறார்கள். திரைக்கம்பியை ஜன்னலுக்கு அரை அடி மேலே மாட்டி, துணியைத் தரை வரை விடுங்கள். அறை உயரமாகத் தெரியும். ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கொசுவம் விழாது.

வந்தவாசிக் கோரைப்பாயை மரச்சட்டத்தில் இழுத்து அடித்தால் அருமையான ஹெட்போர்டு. முதுகு ஒட்டாது, வேர்க்காது. தோல் சோபா வேண்டாம், மே மாதம் உட்கார்ந்து எழுந்தால் சட்டை அங்கேயே இருக்கும். ஆனால் துண்டுத் தோலில் அலமாரிக்குக் கைப்பிடி தைத்துப் பாருங்கள், கைக்கு எவ்வளவு இதம். பாட்டியின் ஆரணிப் பட்டு இழை விட்டுப் போயிருந்தால் முந்தானையை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டலாம், வெயில் படாத சுவரில். பழைய வீடு இடித்த தேக்குக் கதவு, தூண் கிடைத்தால் ஒன்றோடு நிறுத்துங்கள். மூன்றானால் வீடு கடையாகிவிடும்.

எட்டாவது படி: மலைமேல் ஓய்வு வீடு

ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். சமவெளிக்கு என்று இதுவரை எழுதிய வெயில் பாடங்களில் பாதி அங்கே செல்லாது; எதிரி ஈரம். வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வாசம் வந்துவிடும். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு போன்ற மரத்தூள் பலகை எதுவும் மேலே ஏற வேண்டாம். கல், சுடுமண், பிரம்பு, கெட்டி மரம், பருத்தி. அலமாரிக் கதவுகளில் காற்றுப் போக இடைவெளி விட்ட சட்டம். ஜன்னலுக்கு ஸ்டீல் வலை, கொசுவுக்கு மட்டுமில்லை, குரங்குக்கும்.

மாமா மகன் வீட்டில் கட்டிலே கிடையாது. சுவரோடு ஒட்டித் திண்ணை மாதிரி ஒன்றரை அடி உயர மேடை கட்டி, மேல்பகுதியைக் கடப்பா கல்லால் மூடி, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. கிளம்பும்போது மெத்தையைச் சுருட்டி லாஃப்டில் போட்டுவிடுவான். நாலு பேர் வந்தால் மேடை, பத்துப் பேர் வந்தால் மேடையும் பாயும். 14 கொண்டை ஊசி வளைவுகளில் மினி லாரியில் சாமான் ஏற்றும் கூலி தனி. அதனால் பிரித்துப் பூட்டக்கூடியதாகவே மேசை, நாற்காலி வாங்கினான்.

இலங்கைக் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் பென்டோட்டாவில் வாங்கிய லுனுகங்கா தோட்டத்தைத் தன் வாழ்நாள் முழுக்கச் செதுக்கிக்கொண்டே இருந்தார். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது பார்வைக் கோடு: எந்த இடத்தில் உட்கார்ந்தால் எது கண்ணில் படுகிறது? ஓய்வு வீட்டில் டிவிச் சுவர் வேண்டாம். நல்ல நாற்காலிகள் மலையைப் பார்க்கட்டும். உட்கார்ந்த கண்ணுக்குத் தெரியும்படி ஜன்னல் விளிம்பைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வையுங்கள். குழந்தைகள் வரும் வீடென்றால் கம்பி அவசியம். வெளிவிளக்குகள் எல்லாம் தரையை நோக்கி, மங்கலாக. பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் வைத்ததே அந்த இருட்டுக்காகத்தான். நாம் ஹாலஜன் போட்டு அதை விரட்டக் கூடாது.

ஒன்பதாவது படி: வேலை வரிசையும் பணமும்

உடைப்பு, பிளம்பிங், வயரிங் பைப், குளியலறை வாட்டர்ப்ரூஃபிங், பூச்சு, சீலிங், தரை, பட்டி, ப்ரைமர், முதல் கோட், மரவேலை, விளக்கு, கடைசி கோட், திரை. இந்த வரிசையை மாற்றினால் ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுப்பார். குளியலறைத் தரையில் தண்ணீர் தேக்கி ஒரு நாள் முழுக்க வைத்து, கீழ்த் தளத்தில் கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ். டைல்ஸ் பதித்ததும் மேலே அட்டை விரித்துவிடுங்கள், ஆசாரி சுத்தியல் கீழே விழாமல் இருக்காது.

வாய்ப்பேச்சு வேண்டாம். ப்ளை எந்தத் தரம், லேமினேட் எத்தனை மி.மீ., கீல் சாஃப்ட் க்ளோஸா, சதுர அடியை எப்படி அளக்கிறார்கள் (கதவின் முகப்பு மட்டுமா, உள் தட்டுகளும் சேர்ந்தா) எல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் பொருளுக்கு, பிறகு வேலை முடிய முடியத் தவணை. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடைசி வரை கையில் வையுங்கள். இன்னொரு பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள், அது நிச்சயம் வரும்.

அந்தக் கடைசித் தொகையை எப்போது கொடுப்பது? கோடையில் மாட்டிய அலமாரிக் கதவுகள் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து ஒன்றோடொன்று உரசும், டிராயர் இறுகும். ஆசாரி ஒரு நாள் வந்து கீல் திருகுகளை இழுத்துச் சரிசெய்தால் போதும். மழைக்குப் பின் ஒருமுறை வந்து சரிபார்த்துத் தர வேண்டும், அதற்குத் தனிக் கூலி இல்லை என்று முதல் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தீபாவளி கழிந்து அவர் வந்து போன அன்றைக்குக் கணக்கை முடிக்கலாம்.